நாற்காலியில் புதுப் பஞ்சு

கடல்மேல் இருக்கும் என் வீட்டுக்காரருக்கு, அன்போடும் கொஞ்சம் அதட்டலோடும் உங்கள் வீட்டுக்காரி எழுதுவது.

இங்கே நாங்கள் நலம். சின்னவள் என்னைவிட உயரமாகிவிட்டாள். திட்ட வேண்டுமென்றால் அண்ணாந்து பார்க்க வேண்டியிருக்கிறது. என் கையெழுத்தைப் பார்த்துக் கப்பலில் யாராவது சிரித்தால், மூன்றாம் வகுப்போடு தையல் மெஷினுக்குப் போனவள் என்று சொல்லிவிடுங்கள். எழுத்து கோணினாலும் தையல் கோணாது.

உங்கள் கடிதம் வந்தது. இந்த ஒப்பந்தம் முடிந்ததும் வீட்டுக்கு வருவதா, இன்னொரு தடவை கையெழுத்துப் போட்டுவிடுவதா என்று கேட்டிருக்கிறீர்கள். அதற்கு வருகிறேன். முதலில் மாடிக்காரர் கதையைக் கேளுங்கள்.

மாடி அறைக்கு ஓர் ஓவியர் குடி வந்திருக்கிறார். என் தம்பி வயதுதான் இருக்கும். கண்ணில் பட்டதை மட்டும்தான் வரைவாராம். கூட்டவும் மாட்டார், குறைக்கவும் மாட்டார். நான் ‘உள்ளபடி’ என்று பெயர் வைத்தேன், இப்போது தெருவே அப்படித்தான் கூப்பிடுகிறது. ஏணி இரவல் கேட்க வந்தவர், நம் முன்னறையில் ஜன்னல் வெயில் விழுவதைப் பார்த்துவிட்டு வந்த வேலையை மறந்து நின்றுவிட்டார். அன்றிலிருந்து மத்தியானம் ஆனால் வந்துவிடுகிறார். நான் தைக்கிறேன், அவர் வரைகிறார்.

தாடை இரண்டாகத் தெரிகிறதே, ஒன்றை எடுத்துவிடுங்கள் தம்பி என்றேன். இருப்பதே இரண்டுதானே அக்கா என்று சொல்லிவிட்டார். சின்னவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறாள்.

அந்தப் படத்தை என்னவென்று சொல்வது! நம் அறைதான். ஆனால் குளத்துக்கு அடியில் இருப்பது போல ஓர் அமைதி. துணி ஓரத்தில் தொங்கும் நூலில்கூட வெயில். பார்த்துக்கொண்டே இருந்து, கண் சொக்கி, மெஷின்மேலேயே தூங்கிவிடுகிறேன். ஒரு நாள் கனவில் படத்துக்குள்ளேயே நடந்து போனேன். தரை ஈரமாக இருந்தது, பாதத்தில் வண்ணம் ஒட்டியது. அவர் இன்னும் வரையாத உங்கள் நாற்காலி அங்கே இருந்தது. அதில் நீங்கள் செய்தித்தாளை முகத்தில் போட்டுக்கொண்டு குறட்டை விட்டீர்கள். காகிதம் ஏறி ஏறி இறங்கியது. எழுப்ப மனம் வரவில்லை.

விழித்ததும் நிஜ நாற்காலியைப் பார்த்தேன். மெத்தையில் நீங்கள் உட்கார்ந்து உட்கார்ந்து விழுந்த பள்ளம், இடது பக்கம் கொஞ்சம் அதிகமாக. உறை சாயம் போய்க் கிடந்தது. காலத்துக்கும் நிற்கப்போகிற படமாயிற்றே, இந்த லட்சணத்திலா இருப்பது? என் கைதான் சும்மா இருக்காதே. உறையைப் பிரித்து, பழைய பஞ்சை எறிந்து, புதுப் பஞ்சு திணித்து, பச்சைத் துணியில் உறை தைத்துப் போட்டேன். மெத்தை கும்மென்று உப்பி நின்றது.

மறுநாள் உள்ளபடி வந்தார். நாற்காலியைக் கடைசியில் வரையலாம் என்று வைத்திருந்தாராம். வெகுநேரம் பார்த்தார். தூரிகையைத் துடைத்துக் கீழே வைத்தார்.

“என்னக்கா இது, நேத்து வரைக்கும் இதுல ஒருத்தர் இருந்தாரு. இன்னைக்கு யாருமே இல்லையே,” என்றார்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. எனக்கே வரவில்லை என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

பழைய பஞ்சைத் தேடி ஓடினேன். குப்பை வண்டி வந்து போயிருந்தது. முன்பு பார்த்ததை நினைத்து வரையுங்கள் என்றேன். கண்முன் இல்லாததைத் தொட மாட்டாராம். நானே பள்ளம் போட்டுக் காட்டுகிறேன் என்று அதில் உட்கார்ந்துதான் இப்போது பொத்தான் தைக்கிறேன். பள்ளமும் விழுந்தது. பார்த்துவிட்டு, இது வேற ஆள் அக்கா என்கிறார். பொய்யாகவாவது போடுங்களேன் மாமா என்று சின்னவள் கேட்டாள். அவர் தலையைக் குனிந்துகொண்டார், தூரிகையை மட்டும் எடுக்கவில்லை.

படம் அப்படியே நிற்கிறது. நான், மெஷின், ஜன்னல், நூல் எல்லாம் இருக்கிறோம். நாற்காலி வர வேண்டிய இடத்தில் வெள்ளையாக ஓர் இடைவெளி. அவர் காத்திருக்கிறாராம். ஆனால் வெயில் காத்திருக்காதாம், பருவம் மாறினால் அந்த ஜன்னலை விட்டு நகர்ந்துவிடுமாம்.

உங்கள் கேள்விக்குப் பெரிதாகப் பதில் எழுத எனக்குத் தெரியாது. பேனாவை எடுக்குமுன் ஒரு நிமிஷம் யோசியுங்கள். இடது பக்கம் சாய்ந்து உட்காரும் ஆள் ஒருவர் இங்கே வேண்டியிருக்கிறது. படத்துக்குத்தான், வேறொன்றுமில்லை.

கடல் உங்களைப் பத்திரமாகக் கொண்டுவந்து கரையில் விடட்டும்.

இப்படிக்கு,
உங்கள் இடத்தில் உட்கார்ந்து பார்த்தும் சரிவராதவள்