எழுதாமல் விட்ட சலங்கை

மழை பிழையாது பெய்க. கோல் கோடாது நிற்க. வெள்ளருவி ஆற்றின் மேற்கரை தொட்டுக் கருங்குவட்டின் அடிவாரம் வரை தம் ஒரு குடைக்கீழ் ஆளும் மாமன்னர் பெருவிறலார் திருமுன் நின்று, அவர் வாய்மொழியை ஓலையில் ஏற்றும் கடமை பூண்ட ஓலைநாயகம் நன்னாகன், வெண்கோட்டுக் கல்விச்சாலையின் பேராசானும் இந்நாட்டு அமைச்சர் பலருக்கு வாதம் எழுதக் கற்றுக்கொடுத்தவருமான மருதவனாருக்கு வணங்கி விடுக்கும் ஓலை. தங்கள் சாலையின் விளக்குகள் அணையாதிருக்க. தங்கள் மாணாக்கர் யாவரும் நலம். ஒருத்தியின் எழுத்தாணி மட்டும் நலமில்லை. அது ஏன் என்பதைச் சொல்லவே இந்த ஓலை.

ஆண்டுதோறும் தங்கள் சாலையின் தேர்வுக்கு அரண்மனையிலிருந்து ஒரு வழக்கு வருவதும், ஊரும் பேரும் மறைத்த அவ்வழக்கில் மாணாக்கர் தமக்குச் சீட்டு விழுந்த பக்கம் நின்று வாத ஓலை எழுதுவதும், முதலிடம் பெற்ற ஓலை அரசவை ஏறித் தீர்ப்புக்கு அடிப்படையாவதும் தாங்கள் அறிந்தவையே. வழக்கு மெய்யானது என்பதை மட்டும் மாணாக்கருக்கு யாரும் சொல்வதில்லை. சொன்னால் கை நடுங்கும், வாதம் வலுவிழக்கும் என்பது தாங்கள் வகுத்த முறை.

இவ்வாண்டு வழக்கு இது. அயல்நாட்டுத் தூதுவன் ஒருவன், விடைபெறுவோருக்கு மன்னர் தம் கையால் தரும் விடைவெற்றிலையை வாங்காமல் புறப்பட்டு, தடைசெய்த ஆற்றுத்துறையில் பிடிபட்டான். ஒற்றன் என்று தலையை எடுப்பதா, விடுவதா? எடுக்கவேண்டும் என்ற சீட்டு துறைமுகச் சுங்கத் தலைவர் மகள் காரிநங்கைக்கு விழுந்தது. அவள் எழுதினாள், வென்றாள், பரிசுப் பட்டாடை வாங்க அவைக்கு வந்தாள்.

அவை முழக்குவோன் எழுந்து ஓர் ஓலையைப் படிக்கத் தொடங்கினான். வெற்றிலை வாங்காமல் போனவன் விருந்தாளி அல்லன், கள்வன் என்றது ஓலை. அவன் திருடியது பொன்னை அன்று, நம் கோட்டை மதிலின் உயரத்தை என்றது. காரிநங்கையின் உதடுகள் கூடவே முணுமுணுத்தன. எல்லாம் அவள் வரிகள். பெருமையாகத்தான் இருந்தது. அடுத்த வரி அவளுடையது அன்று. ஆகவே குணகரை நாட்டுத் தூதுவர் சாத்தங்கண்ணனாரின் தலை, கொலைப்பறை ஓய்ந்ததும் கொய்யப்படும் என்று முழக்கிவிட்டு அவன் ஓலையைச் சுருட்டினான்.

அவள் சாளரம் பக்கம் திரும்பினாள். முற்றத்தில், கொலைக்குரியோருக்கு இடும் செவ்வலரி மாலை போட்ட ஒருவரைக் காவலர் நடத்திப் போனார்கள். ஒரு செருப்பு வார் அறுந்திருந்தது. அதை இழுத்து இழுத்து நடந்தார். நல்ல வழுக்கை. ஓலையில் எழுதியபோது அந்தத் தலைக்கு வழுக்கை இருக்கவில்லை.

அப்போதுதான் அவளுக்குச் சலங்கை நினைவுக்கு வந்தது. மறந்திருந்தது என்று சொல்ல முடியாது. வழக்குக் குறிப்பில் ஒரு வரி இருந்தது: தூதுவன் குதிரையின் கழுத்தில் சலங்கை மாலை கட்டியிருந்தது, அந்தச் சத்தம் கேட்டே காவலர் ஓடிவந்தனர். தேர்வில் அவள் அதைப் படித்தாள். தன் வாதத்துக்கு ஆகாது என்று கண்டாள். மெல்லத் தாண்டிப்போனாள்.

எழுந்து நின்றாள். இந்த அவையில் ஓலைதான் பேசும், வாய் பேசாது என்று சேனாபதி வயிரமேகர் நினைவூட்டினார். தன் ஓலையைத் தானே மறுப்பவரின் எழுத்தாணி முறிக்கப்படும், ஆசானே தம் கையால் புதிது தரும்வரை அவர் எழுதலாகாது, அப்படித் தந்த ஆசான் இதுவரை ஒருவருமில்லை என்பதையும் சேர்த்தே நினைவூட்டினார்.

“பட்டாடையை வாங்கிக்கொண்டு வீடு போய்ச் சேர், தாயே. மாலை போட்டாயிற்று. இனி மாப்பிள்ளையைத் திருப்பி அனுப்ப முடியாது” என்றார். அவை சிரித்தது.

அவள் ஓலை கேட்டு வாங்கினாள். வெளியே பறை முழங்கத் தொடங்கிவிட்டது. கை பழகிய தடத்திலேயே ஓடியது: மன்னரின் குடைப்புகழ், குலப்புகழ், முன்னோர் மேற்கோள் இரண்டு. பாதி ஓலை தீர்ந்தபோது தூதுவர் பாதி முற்றம் கடந்திருந்தார். அதைக் கிழித்து எறிந்தாள். எழுத்தர் வரிசையில் யாரோ, நல்ல ஓலை போயிற்றே என்று முனகினார்கள். அடுத்த ஓலையில் புகழ் இல்லை, மேற்கோள் இல்லை. முழக்குவோன் அதை அவசரமாகப் படித்தான்.

‘வெற்றிலை வாங்காமல் போனது மெய். தடுத்த துறையில் இறங்கியதும் மெய். இரண்டும் குற்றமே. ஆனால் குதிரையின் கழுத்தில் சலங்கை இருந்தது. ஒளிந்து போகிறவன் அதை அவிழ்த்திருப்பான். ஐயம் வராதிருக்கவே கட்டினான் எனலாம். அப்படியானால் ஊரார் போகும் பெருவழியில் போயிருப்பான். காவலர் குந்தியிருக்கும் துறைக்குச் சத்தம் போட்டுக்கொண்டு வந்திருக்கமாட்டான். என் மன்னர் சாகக் கிடக்கிறார், அதனால் குறுக்குவழியில் ஓடினேன் என்று அவர் சொன்னதாக வழக்குக் குறிப்பில் இருந்தது. அதற்கு என்னிடம் சான்று இல்லை. அவர் குற்றமற்றவர் என்று நான் எழுதவில்லை. தலையை எடுக்கும் அளவுக்குச் சான்று இல்லை என்று மட்டும் எழுதுகிறேன்.’

சலங்கை ஒரு தந்திரம் என்று சொல்லத்தான் சேனாபதி வாயைத் திறந்திருக்கவேண்டும். அதற்கு விடை முன்பே படிக்கப்பட்டுவிட்டதை உணர்ந்து அப்படியே அமர்ந்தார். மன்னர் முன்னே சாய்ந்து, வாய் திறந்து விடை சொல்ல அவளுக்கு இசைவு தந்தார்.

“இத்தனையும் தெரிந்திருந்தும் முதல் ஓலையில் ஏன் இல்லை?”

“எதிராளிக்கு உதவும் சான்றை ஏற்றாதே, அது அவன் கையில் வாள் கொடுப்பது என்று சாலையில் படித்தேன், மன்னா. எதிராளி யாரென்று எனக்குத் தெரியவில்லை.”

மன்னரின் கை உயர்ந்தது. வாயிற்காவலன் பாய்ந்து ஓடினான். அவன் படியிறங்கும்போதே பறை ஓய்ந்துவிட்டது. அவையில் எல்லாக் காதுகளும் வாளின் ஓசைக்குக் காத்திருந்தன. நெடுநேரம் எதுவும் இல்லை. பிறகு கேட்டது, அறுந்த செருப்பைத் தரையில் இழுக்கும் ஓசை. அது அவையை நோக்கி வந்துகொண்டிருந்தது.

தூதுவரை விருந்தினர் மாளிகையில் காவலோடு வைக்க மன்னர் பணித்தார். சட்டப்படி காரிநங்கையின் எழுத்தாணி அவை நடுவே முறிக்கப்பட்டது. அவள் அழவில்லை, முறிந்த துண்டுகளைப் பார்க்கவுமில்லை. மறுநாள் காலை, ஆற்றின் அக்கரையிலிருந்து இழவுப்பறை கேட்டது. குணகரை மன்னர் மறைந்தார். அன்றே தூதுவருக்கு மன்னர் தம் கையால் விடைவெற்றிலை தந்து, இரங்கல் பட்டும் கொடுத்து அனுப்பினார். தீர்ப்பில் முத்திரை வைத்தது தம் கைதான் என்பதை மன்னர் மறக்கவில்லை. அதை இவ்வோலையில் எழுதச் சொன்னதும் அவரே.

ஆகவே மன்னர் ஆணை வருமாறு. இனித் தங்கள் சாலையில் எழுதும் வாத ஓலை எதுவாயினும், தன் கூற்றுக்கு எதிரே நிற்கும் வலுவான சான்றை மறைக்காது முன்வைத்து, அதற்கு விடை கூறி, விடை இல்லாதவிடத்து இல்லையென ஒப்பி எழுதப்படுக. வழக்கு மெய்யானது என்பது எழுதுமுன் மாணாக்கருக்குச் சொல்லப்படுக. கை நடுங்கினால் நடுங்கட்டும். இவ்வோலையைக் கொணர்ந்து தங்கள் எதிரில் வெறுங்கையோடு நிற்பவள் காரிநங்கையே. புது எழுத்தாணியை அவளுக்குத் தங்கள் கையால் தருக.

இது தங்கள் வாழ்நாள் போதனைக்கு மாறானது என்பதையும், தாங்கள் மறுக்க விரும்புவீர்கள் என்பதையும் மன்னர் அறிவார். மறுத்து எழுதுக, தடையில்லை. அது அவையில் படிக்கப்படும்; வென்றால் இவ்வாணை கிழிக்கப்படும். ஒன்று மட்டும். இவ்வாணையின் பக்கமுள்ள நியாயத்தை முதலில் எழுதுக. அது குறைவின்றி வந்திருக்கிறது என்று காரிநங்கை படித்து ஒப்பிய பின்னரே தங்கள் ஓலை அவை ஏறும்.

மன்னர் மோதிரம் அரக்கில் பதிந்தது. நன்னாகன் எழுத்து. அவள் காத்திருக்கிறாள்.