பாலத்துக்கு இந்தப் பக்கம்

இன்று காலை பூதலூர் ஸ்டேஷனில், காரைக்காலிலிருந்து நிலக்கரி ஏற்றி வந்த கூட்ஸ் ஒன்று சிக்னலுக்காக நின்றது. பிரேக் தேய்ந்து சூடேறிய இரும்பு வாசனை நடைமேடை முழுக்கப் பரவியது. உன்னிடம் ஏதோ சொல்லத் திரும்பினேன். பக்கத்தில் யாரோ ஒரு பெண் செல்போன் பார்த்துக்கொண்டிருந்தாள். நீ போய்ச் சேர்ந்து இரண்டு அறுப்பு முடிந்துவிட்டது. இன்னும் எனக்குப் பழகவில்லை.

நடவு வயலில் எல்லோரும் குனிந்திருக்கும்போது, கூட்ஸ் சத்தம் கேட்டால் நீ மட்டும் நிமிர்ந்துவிடுவாய். மிராசுதாரின் காரியக்காரர் வரப்பிலிருந்து கத்துவார்: "ஏ பொன்மலைக்காரி, ரயிலு வந்து நாத்து நடுமா?" நீ சிரித்துக்கொண்டே, கடைசிப் பெட்டி மறையும்வரை கையில் நாற்றோடு நிற்பாய். பொன்மலை ரயில்வே குடியிருப்பில் வளர்ந்த கூட்ஸ் டிரைவர் மகள் நீ. அப்பா இறந்தபின் தாய்மாமனைக் கட்டிக்கொண்டு எங்கள் தெருவுக்கு வந்தவள்.

"பாசஞ்சர் வண்டிய விட்டுட்டு இதப் போயி பாக்குறியேடி" என்று ஒருநாள் கேட்டேன்.

"இவ்ளோ பாரத்த இழுத்துக்கிட்டு இந்த வேகத்துல வருதே, அதான் அழகு" என்றாய். அப்படியானால் சில கூட்ஸ் ஏன் ஊர்ந்து போகின்றன என்று கேட்டதற்கு, "நடுவுல ஒரு பழைய பெட்டி கோத்திருப்பாங்க. அது தாங்குற வேகந்தான் மொத்த வண்டிக்கும்" என்றாய். தண்டவாளம் எவ்வளவு தாங்கும், வளைவு எப்படி, பாலம் எப்படி என்று எல்லாவற்றையும் பார்த்துத்தான் வேகம் குறிப்பார்களாம். "எல்லாத்துக்கும் மேல, பிரேக் போட்டா எங்க போயி நிக்கும்னு பாப்பாங்கடி. நிறுத்த முடியாத வேகம் ஓட்டக் கூடாத வேகம்னு எங்கப்பா சொல்லுவாரு."

புது ஆட்சி வந்துவிட்டது, இனி நமக்கு விடிவு என்று சுவரெல்லாம் எழுதியிருந்த காலம் அது. அந்த வருஷந்தான் நாம் கூலி உயர்த்திக் கேட்டு அரிவாளைக் கீழே வைத்தோம். மிராசுதார் வெளியூர் ஆட்களை லாரியில் இறக்கினார். நாம் நட்ட பயிரை நம் கண்முன்னே அவர்கள் அறுத்தார்கள். கேட்க எந்த அதிகாரியும் வரவில்லை. ரயிலை மறித்தால் கலெக்டரே வருவார் என்று சங்கத் தலைவர் சொன்னார். பனந்தோப்பு வளைவில் உட்காருவது என்று முடிவானது. அங்கே போலீஸ் கண்ணில் பட மாட்டோமாம்.

கூட்டத்தில் நீதான் எழுந்தாய். "அண்ணே, வளைவு வேணாம். திருச்சியிலேருந்து நிக்காம வர்ற லோடு வண்டி அது. டிரைவர் நம்மளப் பாத்து பிரேக் போட்டாலும், நம்ம மேல ஏறித்தான் நிக்கும்."

"பயமா இருந்தா வீட்டுக்குப் போம்மா."

"பயந்தாண்ணே. மடியில புள்ளைய வச்சிக்கிட்டுல்ல உக்காரப் போறோம்?" வாய்க்கால் பாலத்தில் வேலை நடக்கிறது, அதற்கு முன்னால் வேகம் குறித்த மஞ்சள் பலகை நட்டிருக்கிறார்கள், அதைத் தாண்டி உட்கார்ந்தால் வண்டி மெதுவாகத்தான் வரும் என்றாய். தலைவர் முகம் சுளித்தார். நீ பதிலுக்குக் காத்திருக்கவில்லை. பாலத்தைப் பார்த்து நடந்தாய். நான் உன் பின்னால் வந்தேன். என் பின்னால் தெருவே வந்தது.

பாலத்துக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்தோம். தொடைக்குக் கீழே தண்டவாளம் நடுங்கியது. உன் கையைப் பிடித்தேன். என் கையைவிட அது சில்லிட்டிருந்தது. எஞ்சின் கூவிக்கொண்டே வந்து, ஒரு வயல் தூரத்தில் நின்றது. இறங்கி வந்த டிரைவர் வளைவைத் திரும்பிப் பார்த்தார். "அங்க உக்காந்திருந்தீங்கன்னா..." என்று ஆரம்பித்தவர் தண்ணீர் கேட்டார். நீ தூக்குச்சட்டியில் இருந்த நீராகாரத்தை நீட்டினாய்.

கலெக்டர் வந்தார். அவருக்கு முன்னால் வந்த போலீஸ் வேனில் நம்மை ஏற்றினார்கள். கூலி கொஞ்சம் ஏறியது. ஆனால் அந்த அறுப்பின் கூலி நெல் போனதுதான். அந்த வருஷம் மரவள்ளிக்கிழங்கு தின்றே கிடந்தோம்.

திருச்சி ஜெயிலில் முதல் விடியலில், தூரத்தில் எஞ்சின் கூவியதும் நீ உடைந்து அழுதாய். என்னவென்று கேட்டபோதுதான் சொன்னாய். உன் அப்பா ஓட்டிய வண்டியில், ஒரு வளைவில், புல்லறுத்துக்கொண்டு வந்த பெண் ஒருத்தி அடிபட்டுச் செத்துப்போனாள். குறித்த வேகத்தில்தான் போயிருக்கிறார், அவர்மேல் தப்பில்லை என்று எழுதிவிட்டார்கள். அதன்பிறகு அவர் வீட்டில் வாய்திறந்து பேசவே இல்லை.

"நாம செத்திருந்தா நம்ம கத அதோட முடிஞ்சிருக்கும்டி" என்றாய். "அந்த டிரைவரு தெனம் செத்திருப்பாரு."

அதுவரை நீ எங்களுக்காக மட்டுமே இடத்தை மாற்றினாய் என்று நினைத்திருந்தேன்.

இப்போது இரட்டைப் பாதை, கரண்டு எஞ்சின். கூட்ஸ் எல்லாம் கண்ணுக்கு எட்டாத நீளம். இவற்றுக்கு என்ன வேகம் குறித்திருப்பார்கள் என்று கேட்க எனக்கு ஆளில்லை. நீ இருந்தால் வரப்பில் நின்று கண்ணைச் சுருக்கிக்கொண்டு சொல்லியிருப்பாய். அந்தக் குரல் வேண்டும்போல் இருக்கிறது.

நான் சக்கரங்களைப் பார்ப்பதில்லை. எஞ்சின் ஜன்னலைத்தான் பார்க்கிறேன். உள்ளே இருப்பவர் முகம் பிடிபடுவதற்குள் வண்டி கடந்துவிடுகிறது. "நல்லபடியா வீடு போய்ச் சேருப்பா" என்று ஒவ்வொரு முறையும் வாய்விட்டே சொல்லிவிடுகிறேன்.