தந்தை பெயருக்கு நேரே ஒரு கோடு

பிப்ரவரி 7, செவ்வாய்

இன்றும் ஒருவரைத் திருப்பி அனுப்பினேன். ஏழு நிமிடத் தாமதம். பல் மருத்துவரின் வரவேற்பு மேசையில் பதினான்கு வருடமாக இதுதான் என் வேலை. “பஸ் வரலைம்மா” என்றார், வீங்கிய கன்னத்தைப் பிடித்துக்கொண்டு. எல்லோருக்கும் ஒரு பஸ் உண்டு.

வீட்டுக்கு வந்தால் மெய்சி தன் பிறப்புச் சான்றிதழை மேசையில் விரித்து வைத்திருக்கிறாள். பள்ளியில் பிரான்சுக்குக் கூட்டிப் போகிறார்கள், பாஸ்போர்ட் எடுக்க வேண்டும்.

“அம்மா, இங்க ஏன் அப்பாவை அடிச்சிருக்காங்க?”

தந்தை பெயர் இருக்க வேண்டிய இடத்தில் நீளமாக ஒரு கோடு.

“அப்பா செத்துப் போனதாலயா?”

“ஆமா” என்றேன். அவளுக்குப் பத்து வயது. அவள் அப்பா கிரெய்க் இறந்து இரண்டு வருடம்தான் ஆகிறது. கணக்குப் போடத் தெரிந்த பிள்ளை, சான்றிதழை மடித்து வைத்துவிட்டாள்.

பிப்ரவரி 8

அந்த நாளை ஒருமுறையாவது எழுதிவிடுகிறேன்.

கல்யாணம் ஆகாதவர்கள் என்றால் பிறப்பைப் பதிய அப்பாவும் நேரில் வர வேண்டும். காலை பத்தே காலுக்கு நேரம் வாங்கியிருந்தோம். கிரெய்க் வேலை நடக்கும் கூரையிலிருந்து நேரே வருவதாகச் சொல்லியிருந்தான். நான் குழந்தையோடு பத்து நிமிடம் பார்த்தேன். “வேற நாள் வச்சுக்கலாமே, இன்னும் கெடு இருக்கு” என்றார் பதிவாளர் அம்மாள். “வேண்டாம், அப்பா பேர் இல்லாமலே போடுங்க” என்றேன். கோபத்தோடு கையெழுத்துப் போட்டேன்.

வெளியே வந்தபோது நனைந்துகொண்டு படியேறி வந்தான். “பழைய கட்டடத்துக்குப் போயிட்டேன் ஜெம்மா. கதவைத் தட்டிக்கிட்டே நின்னேன்.”

பதிவு அலுவலகம் நூலக மாடிக்கு மாறி அப்போதே மூன்று வருடம் ஆகியிருந்தது. “இதே ஊர்ல பொறந்து வளர்ந்தவன், உனக்குத் தெரியாதா? வேற பொய் சொல்லு” என்றேன். குடித்துவிட்டு வந்தான் என்றுகூட நினைத்தேன். வாயில் வாடை இல்லை. இருந்தும் நினைத்தேன்.

பிப்ரவரி 19, ஞாயிறு

விசாரித்துவிட்டேன். இறந்தவரின் பெயரைச் சேர்க்க என் சொல் போதாது. இவர்தான் தகப்பன் என்று குடும்ப நீதிமன்றம் சொல்ல வேண்டும். அதற்கு ரத்த உறவு ஒருவரின் மரபணுப் பரிசோதனை. கிரெய்க்குக்கு உடன்பிறந்தவர் இல்லை, தாயும் போய்விட்டாள். மிஞ்சியிருப்பது அப்பா கிளிஃப் மட்டும்.

கிளிஃப்! சனிக்கிழமைதோறும் மெய்சியைக் கூட்டிப்போய் மீனும் சிப்ஸும் வாங்கித் தருவார். வாசலில் என்னைப் பார்த்தால் வானிலையைப் பற்றிப் பேசுவார். அதுவும் மழை என்றால்தான்.

மார்ச் 4, சனி

கிளிஃப் வீட்டுக்குப் போய்க் கேட்டேன். வாசலிலேயே நிறுத்தி வைத்துப் பதில் சொன்னார்.

“உயிரோட இருந்தப்ப அவன் பேரு வேண்டாம்னு சொன்ன. இப்ப செத்தவன் பேரு வேணுமாக்கும்?”

“மெய்சிக்காகத்தான் கிளிஃப்.”

“அவ என் பேத்தின்னு எனக்குக் காகிதம் வேண்டாம். நீதான் பத்து நிமிஷத்துக்கு மேல காத்திருக்க மாட்டியே. இப்ப காத்திரு.”

கதவை மெதுவாகத்தான் சாத்தினார். அறைந்து சாத்தியிருக்கலாம்.

மார்ச் 5

சமைக்கவில்லை. டோஸ்ட்.

மார்ச் 11

கிளிஃபுக்குப் பாதிதான் தெரியும். மீதி எனக்கு மட்டும்.

மெய்சிக்கு ஒரு வயது ஆவதற்குள் கிரெய்க் மறுபதிவு விண்ணப்பம் ஒன்றை வாங்கி வந்தான். இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டு ஒன்றாகப் போனால் அவன் பெயரைச் சேர்த்துவிடலாம். அவன் பாகத்தை நிரப்பி, கையெழுத்தும் போட்டு, சமையலறைக் கடிகாரத்துக்குப் பின்னால் செருகி வைத்தான். “உனக்கு எப்ப தோணுதோ அப்ப” என்றான்.

ஏழு வருடம் அங்கேயே இருந்தது. எனக்குத் தோணலையா? தோணிச்சு. வேணும்னேதான் போடலை. சண்டை வரும்போதெல்லாம் அதுதானே என் கையில் இருந்த பிரம்பு. “போயேன், நீதான் காகிதத்துலயே இல்லையே!” எத்தனை தடவை சொன்னேன்! ஒவ்வொரு தடவையும் வாயை மூடிக்கொண்டு ஷூவைக் கட்டுவான். கடைசியில் வெள்ளையடித்தபோது பழைய பில்களோடு அந்தக் காகிதமும் குப்பைக்குப் போயிற்று. அடுத்த இலையுதிர் காலத்தில் அவனும் போய்விட்டான். வாழ்க்கை முழுக்கக் கூரைமேல் நின்றவன், பஸ் நிறுத்தத்தில் நின்றபடி நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தான்.

பஸ் நிறுத்தத்தில்.

மார்ச் 12, ஞாயிறு

கிளிஃபிடம் போய் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். கடிகாரம், விண்ணப்பம், நான் சொன்ன அந்த வார்த்தை. அவர் தோட்டத்தில் உருளைக்கிழங்குக்கு மண் கிளறிக்கொண்டிருந்தார். மண்வெட்டியை நிறுத்தவே இல்லை. ஒரு வரிசை முடிந்தது. திரும்பி நடந்துவிடலாம் என்று நினைத்தேன்.

“எங்க வந்து துப்பணும்?” என்றார்.

“துப்ப வேண்டாம். வாய்க்குள்ள பஞ்சைத் தடவி எடுப்பாங்க.”

“துப்பணும்னா சொல்லு. பத்து வருஷமா சேர்த்து வச்சிருக்கேன்.”

அவர் சிரிக்கவில்லை. நானும் சிரிக்கவில்லை. ஆனால் தேநீர் கொடுத்தார்.

ஏப்ரல் 3

பரிசோதனைக்கு மெய்சி வாயைத் திறந்து காட்டினாள், பக்கத்து நாற்காலியில் கிளிஃப். “தாத்தா, உங்க பொய்ப்பல்லைக் கழட்டணுமா?” நர்ஸே சிரித்துவிட்டாள்.

மெய்சியிடம் உண்மையைச் சொன்னேன். கோடு போட்டது நான்தான் என்று. “ஏன்?” என்றாள். “கோபம்” என்றேன். “இவ்வளவு நாளாவா?”

பிள்ளை கேட்கிற கேள்வியா இது?

ஜூன் 20

பிரான்சுக்குப் போய் வந்துவிட்டாள், கோடு போட்ட காகிதத்தை வைத்தே. பாஸ்போர்ட்டுக்கு அப்பா பெயர் தேவைப்படவில்லை. தேவைப்பட்டது எனக்கு.

செப்டம்பர் 14, வியாழன்

நீதிமன்றம். பதினொரு நிமிடத்தில் முடிந்தது. கிரெய்க் ஹார்டாக்கர்தான் தகப்பன் என்று நீதிபதி வாசித்தார். அவன் முழுப் பெயரை யாரும் இப்படிச் சத்தமாகச் சொல்லி நாளாகிறது. கடைசியாகக் கேட்டது அடக்கத்தின்போது.

நவம்பர் 21, செவ்வாய்

மறுபதிவு. பத்தே காலுக்கே நேரம் கொடுத்திருந்தார்கள், நான் கேட்காமலே. தானும் வருவதாகக் கிளிஃப் சொல்லியிருந்தார். நானும் மெய்சியும் ஒன்பதரைக்கே போய் உட்கார்ந்துவிட்டோம்.

பத்தே கால். பத்து இருபத்தைந்து. போன் அடித்தேன். மனுஷர் அதை வீட்டிலேயே வைத்துவிட்டுக் கிளம்பியிருக்கிறார்.

பதிவாளர் ஓர் இளைஞர். “ஆரம்பிக்கலாமா? அவர் வரணும்னு சட்டம் இல்ல. உங்க கையெழுத்து போதும்.”

“காத்திருக்கிறேன்” என்றேன். “எங்களுக்குப் பின்னால வந்தவங்களைக் கூப்பிடுங்க.”

கைக்குழந்தையோடு ஒரு ஜோடி உள்ளே போய் வந்தது. மெய்சி என் கடிகாரத்தையும் என் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள்.

பத்து ஐம்பதுக்குப் படியில் சத்தம். கோட்டு, டை, தொப்பியெல்லாம் நனைந்து, மூச்சிரைக்க வந்து கைப்பிடியைப் பற்றிக்கொண்டு நின்றார்.

“பழைய கட்டடத்துக்குப் போயிட்டேன்மா. மாறினது தெரியும், தெரியாம இல்ல. அவன் பிறந்தப்ப அங்கதானே போய்ப் பதிஞ்சேன், காலு தானா அங்க போயிடுச்சு. வாசல்ல இன்னும் கல்லுல செதுக்கியே இருக்கு. கதவைத் தட்டிக்கிட்டே நின்னேன்.”

நான் திட்டப் போகிறேன் என்று நினைத்து, “கோவிச்சுக்காதம்மா” என்றார்.

அதே கதவு. அதே மழை. அவன் பொய் சொல்லலை. கிரெய்க், நீ பொய் சொல்லலை.

“உக்காருங்க கிளிஃப்” என்றேன். “மூச்சு வாங்கிக்கோங்க. ஒண்ணும் அவசரமில்ல.”

அன்றைக்கு அவனிடம் நான் சொன்னது, “வேற பொய் சொல்லு.”