அம்மா படம் கேட்டிருந்தாய்

மயிலாப்பூர்,
ஸ்ரீமுக வருஷம், ஆவணி மாதம்.

சௌபாக்கியவதி செண்பகத்துக்கு அப்பா பொன்னுரங்கம் ஆசீர்வாதத்துடன் எழுதுவது. இங்கே நானும் என் பிடிலும் ஒரு குறையுமில்லாமல் இருக்கிறோம், மழை ஈரத்தில் அதற்கு மட்டும் கொஞ்சம் தொண்டை கட்டியிருக்கிறது. ரங்கூனில் நீயும் மாப்பிள்ளை வடிவேலுவும் உன் மாமியாரும், வயிற்றில் இருக்கும் அந்தச் சின்ன ஆளும் சுகமாக இருக்கக் கபாலி அருள் செய்யட்டும். மசக்கை விட்டு இப்போது சாப்பாடு இறங்குகிறது என்று எழுதியிருந்தாயே, அதைப் படித்த பிறகுதான் எனக்கும் இறங்கிற்று.

என் பிழைப்பு எப்படி நடக்கிறது என்று மாப்பிள்ளை கேட்டிருந்தார். ராஜபோகம் என்று சொல். பேசும் படம் வந்ததிலிருந்து பயாஸ்கோப் கொட்டகையில் எனக்கு வேலையில்லை, திரையில் இருப்பவர்களே பாடிக்கொள்கிறார்கள், அதுவும் என்ன பாட்டு, நான் வாசித்த காலத்தில் ஊமையாக இருந்தபோதே நன்றாகப் பாடினார்கள். இப்போது அபிராமபுரத்தில் சில வீடுகளில் பெண்களுக்குப் பிடில் சொல்லித் தருகிறேன், மிச்ச நேரமெல்லாம் படம் வரைந்து வர்ணம் பூசுவதுதான். பங்குனியில் அறுபத்துமூவர் உற்சவத்தன்று தெரு ஜனங்கள் பார்க்கட்டும் என்று என் படங்களை முன்கூடத்தில் மாட்டிக் கதவைத் திறந்து வைத்தேன். கூட்டம் கூட்டமாக வந்தார்கள், உனக்குப் பெருமையாக இருக்கும், வந்தவர்கள் எல்லாரும் மோர் எங்கே கொடுக்கிறீர்கள் என்றுதான் கேட்டார்கள். தியாகராய நகரில் பனகல் பார்க் பக்கம் புது பங்களா கட்டியிருக்கும் ஒரு பெரிய மனிதர் தன்னை வரையச் சொன்னார். அவர் உட்கார்ந்திருந்த நேரமெல்லாம் வேலைக்காரர்களை விரட்டிக்கொண்டே இருந்தார், எனக்கு அவருடைய வாய்தான் மனசில் நின்றது, ஆகவே படத்தில் பாதிக்கு மேல் சிவப்பாக வாய் வந்துவிட்டது. திருப்பி அனுப்பிவிட்டார். அவர் சம்சாரம் மட்டும் படத்தைப் பார்த்து முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே போனதாகக் கேள்வி. எனக்கு அது போதும். கண்ணுக்குத் தெரிவதைப் பிடிக்கத்தான் போட்டோக்காரன் இருக்கிறானே, மனசுக்குப் பட்டதை நான் போடுகிறேன், ஆளுக்கொரு வேலை.

ஆனால் கண்ணு, உன் போன கடிதம் வந்தபோது இந்த வாய்ச்சவடால் எல்லாம் எனக்கு நின்றுபோயிற்று. அதில் நீ, அம்மா போனபோது எனக்குப் பதினோரு வயசு, இப்போது அவள் முகம் சரியாக ஞாபகம் வரவில்லை அப்பா, பிறக்கிற குழந்தைக்கு உன் பாட்டி என்று காட்ட என்னிடம் ஒன்றுமில்லை, நீ ஒரு படம் போட்டு அனுப்பு என்று எழுதியிருந்தாய். போட்டோ பிடித்தால் ஆயுசு குறையும் என்று உன் அம்மா கடைசிவரை ஒரு போட்டோவுக்கும் நிற்கவில்லை, என் முன்னால் உட்காரவும் மாட்டாள், என்னையும் பச்சையும் மஞ்சளுமா பூசிடப் போறீங்க, எனக்கு வேற வேலை கீது என்று சொல்லிவிட்டுப் போய்விடுவாள். ஆக உலகத்தில் வேதவல்லி முகம் என்று எங்கேயும் கிடையாது, எங்கள் தலைகளுக்குள் இருப்பதுதான். அதையும் நம்புவதற்கில்லை. சாடையாவது கிடைக்கும் என்று உன் சின்னம்மா ஜானகியை உட்காரவைத்து வரைந்தேன், அச்சு அசல் ஜானகியாகவே வந்தது, அவள் சந்தோஷமாக எடுத்துக்கொண்டு போய்விட்டாள். தெரிந்தவர்களைக் கேட்டால் ஒருவர் சிவப்பு என்கிறார், ஒருவர் மாநிறம் என்கிறார், உன் மாமன் ரகுபதி, அதுதான் உன் அம்மாவின் தம்பி, மூக்கு இப்படி இருக்கும் என்று தன் மூக்கையே பிடித்துக் காட்டுகிறான். வரைவதும் சுரண்டுவதுமாக ஆடி முழுக்கப் போயிற்று. இதுவரை யாருக்கும் பயப்படாதவன், மகள் கேட்ட ஒரு முகத்தைப் போட முடியவில்லையே என்று வெட்கமாக இருந்தது.

பிறகு ஒருநாள் காலையில் வெறுத்துப்போய்ப் பிடிலை எடுத்துப் பிலஹரி வாசித்துக்கொண்டிருந்தேன். மேல் ஸ்தாயிக்குப் போகும் இடத்தில் நான் எப்போதும் ஓடுவேன், அப்போதெல்லாம் உன் அம்மா சமையலறையிலிருந்து, யார் துரத்தினு வராங்க, நிதானமாப் போங்களேன் என்று சத்தம் போடுவாள். அன்றைக்கு அந்த இடம் வந்ததும் கை தானாக நிதானப்பட்டது. வில்லைக் கீழே வைத்துவிட்டுத் தூரிகையை எடுத்தேன். சமையலறை வாசல், அடுப்பு வெளிச்சம் ஒரு பக்கம் ஆரஞ்சாக, அதில் இடுப்பில் கை வைத்துப் பாதி திரும்பி நிற்கிறாள். முகம் கருநீலம், கன்னத்தில் மட்டும் நெருப்பின் சிவப்பு, மூக்கு கிடையாது, கண்ணுக்கு இரண்டே இழுப்பு. சாயங்காலத்துக்குள் முடிந்துவிட்டது. சரியா தப்பா என்று எனக்கே தெரியவில்லை. படங்களுக்குச் சட்டம் போடும் இனாயத்தைக் கூப்பிட்டுக் காட்டினேன், அவன் வெகு மரியாதையாகத் தலையைச் சாய்த்துப் பார்த்துவிட்டு, இன்னா வாத்யாரே, இதுல எது மேல் பக்கம் என்று கேட்டான்.

மறுநாள் உன் மாமன் வந்தான். அவன் ஒரு வக்கீலிடம் குமாஸ்தா அல்லவா, எதையும் குறுக்கு விசாரணை செய்யாமல் விடமாட்டான். இன்னா மாமா இது, அடுப்பாங்கரை பத்திக்கினா மாதிரி கீது, அக்கா எங்க என்றான். காது எங்கே, கம்மல் எங்கே, மூக்குத்தி போட மூக்காவது வேண்டாமா என்று பேசிக்கொண்டே மடியிலிருந்து பொடி டப்பியை எடுத்தான். அவன் பொடி போடுவது உன் அம்மாவுக்கு ஆகவே ஆகாது, மீசை முளைத்த பிறகும் கூடத்தில் வைத்து அவன் கையில் அடித்திருக்கிறாள், உனக்கு ஞாபகம் இருக்கலாம். ஒரு சிட்டிகையை எடுத்து மூக்குக்குக் கொண்டுபோனவன் பேச்சுவாக்கில் படத்தைப் பார்த்தான். கை அப்படியே நின்றது. விரலை வேட்டியில் துடைத்துக்கொண்டான், டப்பியை மடியில் செருகிக்கொண்டான், துளிகூட அக்கா ஜாடை இல்லை மாமா, வேற போடுங்க என்று தீர்ப்புச் சொல்லிவிட்டு எழுந்து தெருவுக்குப் போனான். ஜன்னல் வழியாகப் பார்க்கிறேன், எதிர்ச்சாரி வேப்பமரத்துக்குப் பின்னால் நின்று, திரும்பிப் பார்த்துப் பார்த்துப் பொடி போட்டுக்கொண்டிருக்கிறான். நாற்பது வயசு ஆண்பிள்ளை! எனக்கு வந்த சிரிப்பில் புரையேறிவிட்டது. சிரித்துக்கொண்டே இருந்தவன் எப்போது அழ ஆரம்பித்தேன் என்று தெரியவில்லை. செண்பகம், வந்துவிட்டாள். என் கையில் உன் அம்மா வந்துவிட்டாள்.

அதற்குப் பிறகுதான் தொல்லை. இனாயத் பலகைப்பெட்டி செய்து வைக்கோல் வைத்துப் படத்தைக் கட்டிக் கொடுத்தான், அன்றைக்கே நான் பிரித்துவிட்டேன். மறுபடி கட்டினான், மறுபடி பிரித்தேன். பிலஹரி வாசித்தால் எதிரே இருக்கிறாள், காப்பி ஆறிப்போனால் முறைக்கிறாள், எப்படி அனுப்புவது? உனக்கென்று இன்னொன்று போட்டுப் பார்த்தேன், யாரோ ஒரு பொம்பளை நிற்கிறாளே தவிர அவள் வரவில்லை. நீ கேட்டது நியாயம், எனக்கு விட மனசில்லாததும் நிஜம். இந்த இழுபறியில் உன் கடிதத்தைத் திரும்ப எடுத்துப் படித்தபோதுதான் கடைசியில் பொடி எழுத்தில் நீ எழுதியிருந்தது கண்ணில் பட்டது. ஐப்பசியில் வளைகாப்பு, தாய்வீட்டு வளையல் என்று கொண்டுவர யார் இருக்கிறார்கள், மாமியாரே பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டார் என்று எழுதியிருந்தாய். முதலில் படித்தபோது படத்தின் கவலையில் இதை விட்டுவிட்டேனே. யார் இருக்கிறார்களா? சரஸ்வதி பூஜை முடிந்த அடுத்த வாரம் ரங்கூன் கப்பல். மாடவீதியில் வளையல் வாங்கியாகிவிட்டது, பச்சையும் சிவப்பும் நானே வர்ணம் பார்த்து எடுத்தேன். உன் அம்மா படத்தைச் சாமான்களோடு கீழே போடமாட்டேன், மேல்தட்டில் பெட்டியை என் பக்கத்திலேயே வைத்துக்கொண்டு வருகிறேன். குழந்தை பிறந்து, அதன் பாட்டியை அதற்குக் காட்டிய பிறகு யார் எங்கே இருப்பது என்று நீயும் நானும் உன் அம்மாவும் மூன்று பேருமாகப் பேசி முடிவு செய்துகொள்ளலாம்.

கனமான பாத்திரம் தூக்காதே, பப்பாளி பக்கம் போகாதே, துறைமுகத்துக்கு மாப்பிள்ளை மட்டும் வந்தால் போதும். தீர்க்க சுமங்கலியாக, பெற்றுப் பெருகி, நீ நூறு வருஷம் வாழவேண்டும். மாமியாருக்கு என் நமஸ்காரம் சொல். ஒன்று மட்டும் மறக்காமல் சொல்லிவை, வளைகாப்பன்று தாய்வீட்டார் பக்கத்தில் ஒரு மணை போதாது, இரண்டு மணை போடச் சொல்.

இப்படிக்கு,
உன் அம்மாவுடன் புறப்பட்டு வரும் அப்பா,
பொன்னுரங்கம்.