ஷட்டில் வலையை வெட்டிவிட்டேன்

அன்புள்ள பாப்பாவுக்கு அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் சௌக்கியமாக இருக்கிறோம், நீயும் மாப்பிள்ளையும் உடம்பைப் பார்த்துக்கொண்டு நன்றாக இருக்க வேண்டும். அம்மாவுக்கு முழங்கால் வலி தேவலை, ஆனால் மாடிப்படி ஏறாதே என்றால் கேட்பதாக இல்லை. தையல் கடையில் பள்ளிச் சீருடை வேலை குவிந்துவிட்டது, அதனால்தான் கடிதம் தள்ளிப்போனது.

உன்னைக் கேட்காமல் ஒன்று செய்துவிட்டேன், அதைச் சொல்லத்தான் உட்கார்ந்தேன். கொல்லையில் நாம் ஆடிய ஷட்டில் வலையை வெட்டிவிட்டேன். நீ போய் மூன்று வருடமாக அது அப்படியேதான் கிடந்தது, ஒரு பக்கம் கயிறு தளர்ந்து தொங்கிப்போயிருந்தது, கழற்றுங்கள் என்று அம்மா எத்தனையோ தடவை சொல்லியும் நான்தான் சாக்குச் சொல்லிக்கொண்டிருந்தேன். இரண்டு வாரத்துக்கு முன் காலையில் பல் தேய்க்கக் கதவைத் திறந்தால் வலையில் பழந்துணி மாதிரி ஏதோ தொங்குகிறது, கிட்டே போனால் ஆந்தை. ஒரு இறக்கையும் காலும் சிக்கி, திமிறித் திமிறி ஓய்ந்துபோய், என்னையே பார்த்தது. எனக்குக் கை கால் ஓடவில்லை. அம்மாதான் துண்டைக் கொண்டுவந்து தலையோடு போர்த்தினாள், கண்ணுக்கு இருட்டானதும் அது அடங்கியது. நூலை அறுத்துப் பறக்கவிடலாம் என்று நான் கத்தரிக்கோலோடு நிற்க, அதற்குள் அவள் கால்நடை மருத்துவருக்குப் போன் போட்டுவிட்டாள். அவர் விடவே கூடாது என்றாராம், இறுகிய இடத்தில் உள்ளே ஏற்பட்ட புண் சில நாள் கழித்துத்தான் தெரியும், சுற்றிலும் வெட்டி ஒட்டியிருக்கும் நூலோடு பெட்டியில் வைத்துக் கொண்டுவாருங்கள் என்றாராம். முப்பது வருடமாகத் துணி வெட்டுகிற நான் அன்றைக்கு ஒவ்வொரு நூலாகத்தான் வெட்டினேன். பாதியில் நிறுத்தி, இந்தப் பக்கம் மட்டும் வெட்டினால் போதாதா, மீதியை அப்புறம் தைத்துக்கொள்ளலாமே என்று வாய்விட்டே கேட்டுவிட்டேன். அம்மா துண்டைப் பிடித்தபடியே, "வலை இருந்தா மட்டும் அவ வந்து நிக்கப்போறாளா? வெட்டுங்க," என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. ஆந்தையை எடுத்த பிறகு மிச்ச வலையையும் அறுத்துப் போட்டேன்.

பெட்டியில் கொண்டுபோனதும் மருத்துவர் அதைத் தன்னிடமே வைத்துக்கொண்டார், கால் பிழைப்பது சந்தேகம் என்றுதான் முதலில் சொன்னார். தினமும் கடையிலிருந்து திரும்பும்போது போய் விசாரித்தேன், சம்பந்தி வீட்டுக்குக்கூட இப்படி நடந்ததில்லையே என்று அம்மா கேலி செய்தாள். ஒன்பதாம் நாள் பொழுது சாயும் நேரத்தில் மருத்துவரே நம் கொல்லைக்கு வந்து பெட்டியைத் திறந்தார். கொஞ்ச நேரம் தரையில் நின்றது, பிறகு சத்தமே இல்லாமல் எழும்பி, வலை இருந்த இடத்தின் வழியாக நேராகப் பறந்துபோனது.

பாப்பா, தக்காளிச் செடிக்கு நீ போட்டிருக்கும் வலையைப் போட்டோவில் பார்த்தேன், தொளதொளவென்று தொங்குகிறது. விரல் நுழையாத சின்னக் கண்ணியுள்ள வலையாக வாங்கித் தொய்வில்லாமல் இழுத்துக் கட்டு, காய்ப்பு முடிந்ததும் கழற்றிவிடு. நீ வரும்போது புது வலை கட்டலாம், ஆடி முடித்த கையோடு சுருட்டி உள்ளே வைத்துவிடுவோம். மாப்பிள்ளையை விசாரித்ததாகச் சொல். இரண்டு பேரும் மனம் நிறைந்து வாழ எங்கள் ஆசீர்வாதம். செடி வலையை இன்றைக்கே போய்ப் பார்.

உன் அப்பா