பேர் சொல்லாமல் சொன்ன பத்து நிமிடம்

29 டிசம்பர் 2024, ஞாயிறு

முத்தாபுதுப்பேட்டைப் பேரரசின் நகைச்சுவைச் சக்கரவர்த்தி, மூன்று முறை இரண்டாம் பரிசு வென்ற மாவீரன் அந்தோணிராஜ் ஆகிய நான், இந்த ஆண்டும் காலனி ஸ்டாண்ட்-அப் போட்டிக்குப் பெயர் கொடுத்துவிட்டேன். சங்கச் செயலாளர் தங்கவேல் புது விதி போட்டிருக்கிறார்.

"வாட்ஸ்அப் ஜோக் சொன்னா மைக்கப் புடுங்கிடுவேன் அண்ணாத்தே. சொந்த ஊட்டுக் கததான் சொல்லணும்."

போன வருடம் ஆறு பேர் ஒரே ஜோக்கைச் சொன்னதன் விளைவு. ஆறாவது ஆள் அடியேன்.

சொந்த வீட்டில் என்ன இருக்கிறது? நான், மனைவி ஹெலினா, ஒரு மிக்ஸி. மூன்றில் மிக்ஸிக்குத்தான் சத்தம் குறைவு.

3 ஜனவரி 2025, வெள்ளி

மிக்ஸி பிளேடு மாற்றப் பூந்தமல்லி போனேன். பஸ் ஸ்டாண்டில் ரெனிதா! என் தங்கச்சி ஞானகுமாரியின் ஒரே மகள். கழுத்தில் ஆபீஸ் அட்டை. காலை பத்தரை மணிக்கே மடியில் டிபன் பாக்ஸைத் திறந்து வைத்து எலுமிச்சை சாதம் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் ஸ்பூன் கீழே விழுந்தது.

வேலை போய் இரண்டு மாதமாம். தினமும் ஆபீஸ் போகிற மாதிரி கிளம்பி, நூலகத்தில் உட்கார்ந்து விண்ணப்பம் போடுகிறாளாம். வெள்ளிக்கிழமை நூலகம் லீவு, அதனால் பஸ் ஸ்டாண்டு.

"அம்மாக்கு நானே சொல்லிக்கிறேன் மாமா, வேற வேல கெடச்ச அன்னிக்கு. உங்கள நம்பித்தான் சொல்றேன்."

"கல்லறைல கீறவன் எழுந்து பேசினாலும் பேசுவான், உன் மாமன் பேச மாட்டான்" என்றேன். சிரித்தாள். பாவம், முகத்தில் ரத்தமே இல்லை.

9 ஜனவரி, வியாழன்

மேடையில் ஆளுக்குப் பத்து நிமிடம்; அதற்குச் சரக்கு இல்லை. இருக்கிறது — இல்லை, அதைத் தொடக் கூடாது.

10 ஜனவரி, வெள்ளி

'எனக்குத் தெரிஞ்ச ஒரு பொண்ணு' என்று ஆரம்பித்தால் யாருக்குத் தெரியப்போகிறது? கண்ணாடி முன் சொல்லிப் பார்த்தேன். நானே விழுந்து விழுந்து சிரித்தேன்.

12 ஜனவரி, ஞாயிறு

முதல் பரிசு.

13 ஜனவரி, திங்கள்

நேற்று அதற்கு மேல் எழுதக் கை வரவில்லை.

"எனக்குத் தெரிஞ்ச ஒரு பொண்ணு, தெனம் கரெக்ட் டைமுக்கு ஆபீஸ் போவுது. ஆபீஸ்தான் ரெண்டு மாசமா வர்ல" என்று ஆரம்பித்தேன். பந்தல் கம்பெல்லாம் பிடுங்கிக்கொண்டு திருநின்றவூர் வரை ஓடியிருக்கும், அப்படிச் சிரிப்பு. பஸ் ஸ்டாண்டுக் காக்காவெல்லாம் அவளிடம் லீவ் லெட்டர் கொடுப்பதாகச் சொன்னேன். இரண்டாவது வரிசையில் ஞானகுமாரி, பக்கத்து வீட்டு பேபியின் தோளில் அடித்து அடித்துச் சிரித்தாள்.

அப்புறம் அந்த வரி. "ஊட்டுக்குப் போனா அம்மா கேக்குது — இன்னிக்கு மீட்டிங்குல இன்னாடி டிபன் குடுத்தாங்க?"

ஞானகுமாரி என் எதிரிலேயே மகளிடம் நூறு முறை கேட்ட கேள்வி அது.

அவள் சிரிப்பு நின்றது. கை பேபியின் தோளிலேயே இருந்தது. மெல்லத் திரும்பி, மறுபக்கம் உட்கார்ந்திருந்த ரெனிதாவைப் பார்த்தாள். ரெனிதா தலை குனிந்திருந்தாள்.

நான் பார்த்தேன். எழுதிவிடுகிறேன், பார்த்தேன். இன்னும் நான்கு நிமிடம் பாக்கி இருந்தது. நிறுத்தியிருக்கலாம். மயக்கம் வந்த மாதிரி விழுந்திருக்கலாம், நடிக்கத் தெரியாதவனா நான்? கூட்டம் கைதட்டிக்கொண்டே இருந்தது. இன்னும் ரெண்டு காக்கா சேர்த்துக்கினேன்.

பரிசு கொடுக்கும்போது இரண்டு நாற்காலியும் காலி.

வீட்டுக்கு வரும் வழியில் ஹெலினா ஒன்றுதான் சொன்னாள். "பேர் சொல்லலன்னு மட்டும் எங்கிட்ட சொல்லிடாதீங்க."

அதைத்தான் சொல்ல இருந்தேன்.

19 ஜனவரி, ஞாயிறு

சர்ச்சில் பூசை முடிந்து தங்கச்சி வீட்டுக்குப் போனேன். வாசலிலேயே நிற்க வைத்தாள்.

"எம் பொண்ணு பஸ் ஸ்டாண்டுல குந்திகினு சோறு துன்னத நான் மைக்ல கேட்டுத் தெரிஞ்சிக்கணுமாண்ணே? அதுக்கு நானே சிரிச்சேண்ணே. எல்லாரையும் விட சத்தமா நான்தான் சிரிச்சேன்."

தயாரித்து வைத்திருந்தேன் — நெடுஞ்சாண்கிடையாக விழுவேன், நாக்கை அறுத்துக் கூவத்தில் போடுவேன், இன்ன பிற. ஆரம்பித்தேன். ரெனிதா உள்ளேயிருந்து வந்தாள்.

"மன்னிப்பையும் ஜோக் மாதிரியே கேக்காதீங்க மாமா."

வேறு மாதிரி கேட்க எனக்குத் தெரியவில்லை. ஐம்பத்தாறு வயசு ஆவுது. தெரியல.

2 பிப்ரவரி, ஞாயிறு

முதல் பரிசுக் கேடயத்தைத் திருப்பிக் கொடுக்கப் போனேன். தங்கவேல் வாங்கவில்லை. "ரூல்படிதான சொன்ன அண்ணாத்தே? சொந்த ஊட்டுக் கததான?"

அது என் வீட்டுக் கதையே இல்லை. அவரிடம் சொல்லாமல் திரும்பி வந்தேன்.

16 ஜூன், திங்கள்

ரெனிதாவுக்கு வேலப்பன்சாவடியில் ஒரு கல்லூரி அலுவலகத்தில் வேலை கிடைத்து மூன்று வாரமாகிறதாம். ரேஷன் கடை வரிசையில் பேபி சொல்லித் தெரிந்துகொண்டேன். "உனுக்குத் தெரியாதாண்ணே?" என்றாள். தெரியும் என்றேன்.

4 ஜனவரி 2026, ஞாயிறு

தங்கச்சியே போன் பண்ணி மதியச் சாப்பாட்டுக்குக் கூப்பிட்டாள். ஒரு வருடத்துக்கு அப்புறம். ஹெலினாவும் நானும் போனோம். பிரியாணி. ரெனிதா கொஞ்சம் சதை போட்டிருக்கிறாள், நல்லது.

சமையலறையில் அம்மாவும் மகளும் எதற்கோ சிரித்துக்கொண்டிருந்தார்கள். ஆபீஸில் யாரையோ பற்றி. "அந்தாளு மறுபடியும் இன்னா பண்ணாரு தெரியுமாம்மா..." தண்ணீர் எடுக்கிற சாக்கில் உள்ளே போனேன். பேச்சு நின்றது.

"சொல்லும்மா, மாமனும் சிரிப்பேன்ல?"

"ஒண்ணுமில்ல மாமா. இன்னும் கொஞ்சம் சோறு போடட்டுமா?"

மரியாதையாகத்தான் கேட்டாள். போடச் சொன்னேன். கூடத்துக்கு வந்து உட்கார்ந்த பிறகு உள்ளே மறுபடியும் சிரிப்பு, கொஞ்சம் சத்தம் குறைத்து.