மலர் படித்த நட்சத்திரத்தின் கோடு

என் தங்கமே மலர்,

வீட்டில் எல்லாரும் நலம் என்று எழுதத்தான் கை போகிறது. நலமில்லை, ம்மா. உங்கம்மா சரியாகச் சாப்பிடுவதில்லை. நான் ஆயர் குரோ தொழிற்பேட்டைக்கு பேக்டரி பஸ் ஓட்டி எப்படியோ பொழுதைத் தள்ளுகிறேன். நீ இருந்தால் எங்கள் இருவரையும் ஒரு அதட்டு அதட்டியிருப்பாய்.

உன் இதயம் நின்றுபோன அன்று ஆஸ்பத்திரியில் உன் பையைக் கையில் கொடுத்தார்கள். மருந்துச் சீட்டுகளோடு கட்டம் போட்ட ஒரு காகிதம் இருந்தது. அதில் ஏறி இறங்கி, ஏறி இறங்கிப் போகும் ஒரு கோடு. உன் இதயத் துடிப்பு என்று அம்மா அதை எடுத்து உன் படத்தின் கீழே வைத்துக்கொண்டாள். தினமும் விளக்கேற்றியதும் அந்தக் கோட்டை விரலால் தடவுவாள். நானும் அப்படித்தான் நம்பினேன்.

போன வாரம் உன்னோடு யுனிவர்சிட்டியில் வானியல் படித்த சுகந்தி வந்தாள். அந்தக் காகிதத்தைப் பார்த்ததும் அவள் முகம் மாறிவிட்டது. அம்மா தேநீர் கலக்கப் போன நேரம் பார்த்து என்னை வாசலுக்குக் கூப்பிட்டாள்.

"அங்கிள், இது ஈசிஜி இல்ல லா. மலர் படிச்ச ஸ்டாரோட வெளிச்சம் கூடிக் குறையுற கோடு."

சூரியனைவிடப் பல மடங்கு கனமானதாம். தலைதெறிக்கச் சுற்றுகிறதாம். அது ஊதித் தள்ளும் வாயுவை அதன் காந்தமே போகவிடாமல் பிடித்து வைத்திருக்கிறதாம். அந்த வாயு கூடவே சுற்றிக் குறுக்கே வரும்போதெல்லாம் வெளிச்சம் மங்குமாம். இதையெல்லாம் சொன்னால் எங்களுக்குப் புரியாது என்று நினைத்தாயா, ம்மா?

அம்மாவிடம் சொல்வதா, வேண்டாமா? அதே யோசனையில் ஒரு ஸ்டாப்பை விட்டுவிட்டு, பஸ்ஸில் இருந்த பெண்களிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன். ஆனால் நீ பாடுபட்டுப் படித்ததை வேறொன்றாக நினைத்துக் கும்பிடுவது எனக்குப் பொறுக்கவில்லை. நேற்று சொல்லிவிட்டேன்.

அவள் அழவில்லை. "அப்ப நம்ம புள்ளையோட துடிப்பு ஒண்ணுகூட நம்மகிட்ட இல்லீங்களா?" என்று கேட்டாள்.

இன்று பொழுது சாய்ந்ததும், "அந்த நட்சத்திரத்தக் காட்டுங்க" என்று வெளியே வந்து நின்றாள். சுகந்தி சொன்னபடி வரிசையாக நிற்கும் மூன்று நட்சத்திரங்களைத் தேடிப் பிடித்தேன்.

"அதுக்குக் கிட்டத்துலதான் இருக்கு. வெறுங்கண்ணுக்குத் தெரியாதாம்."

கழுத்து வலிக்கும் வரை அண்ணாந்து பார்த்தாள். "அவ பாத்திருக்கால்ல" என்றாள். அப்புறம்தான் அழுதாள்.

வானம் தெளிந்த நாளெல்லாம் உங்கம்மாவோடு நானும் போய் நிற்பேன், மலர். உள்ளே வா என்று அவசரப்படுத்த மாட்டேன்.

உன்னைத் தூக்கி வளர்த்த,
உன் அப்பா